வித்தியாசமான பாலியல் ஆசை இருந்தால் ஆளுமைக் கோளாறா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன் ஆசையைப் பற்றி நள்ளிரவில் கூகுளில் தேடி, வாயில் நுழையாத ஏதோ ஒரு ‘டிசார்டர்’ பெயரைப் பார்த்துப் பயந்துபோனவர்களுக்காக இந்தப் பக்கம். கணவரோ மனைவியோ தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்டுவிட, அன்றிலிருந்து தூக்கம் கெட்டவர்களுக்காகவும்தான். வயது வந்தவர்களுக்காக எழுதியது. இதைப் படித்துவிட்டு யாரும் தனக்கோ அடுத்தவருக்கோ நோய்ப் பெயர் சூட்ட முடியாது. மருத்துவர் எதைப் பார்த்து முடிவெடுப்பார், எதைக் கணக்கிலேயே எடுக்கமாட்டார் என்பது மட்டும் தெரியவரும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஆசை வித்தியாசமாக இருந்தால் ஆளுமைக் கோளாறுதானா?

இல்லை. ஒருவருக்கு எதைப் பார்த்து, எதை நினைத்துக் கிளர்ச்சி வருகிறது என்பதை மட்டும் வைத்து ஆளுமைக் கோளாறு என்று முடிவுகட்ட இன்றைய மருத்துவத்தில் வழியே கிடையாது. இரண்டும் வேறு வேறு அத்தியாயங்கள். ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். சர்க்கரையும் மூட்டுவலியும் ஒருவருக்கே வருவதில்லையா, அதுபோல. ஒன்று இருப்பது மற்றொன்றுக்குச் சாட்சி ஆகாது.

‘வித்தியாசமான ஆசை’ என்று எதைச் சொல்கிறீர்கள்?

பாதம், செருப்பு, தோல் அல்லது ரப்பர் உடை போன்றவற்றின் மேல் வரும் ஈர்ப்பு. கட்டிப்போடுவது, கட்டுண்டு கிடப்பது, ஆணையிடுவது, அடங்கிப்போவது, ஓரளவு வலி. எதிர்பாலினத்தவர் உடையை அணிவதில் வரும் கிளர்ச்சி. பிறரைப் பார்ப்பது, பிறர் பார்க்க இருப்பது. மருத்துவத்தில் இவற்றுக்குப் பொதுப்பெயர் பாராஃபிலியா. தன்பாலின ஈர்ப்பு இந்தப் பட்டியலில் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. அந்தக் கதை கீழே வருகிறது.

ஆளுமைக் கோளாறு என்றால் என்ன? கோபக்காரர், கூச்சக்காரர் எல்லோருக்கும் அது உண்டா?

கோபமும் கூச்சமும் குணம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம், ஒருவர் தன்னையும் பிறரையும் புரிந்துகொள்ளும் விதம், உணர்ச்சிகள் எழும் விதம், மனிதர்களோடு பழகும் விதம், உந்துதலைக் கட்டுப்படுத்தும் திறன் ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்கிறது. இவற்றில் இரண்டிலாவது நீண்டகாலமாக, வளைந்து கொடுக்காத ஒரு கோணல் இருக்க வேண்டும். பதின்பருவத்திலோ இளமையின் தொடக்கத்திலோ அது ஆரம்பித்திருக்க வேண்டும். வீடு, வேலை, நட்பு என எல்லா இடத்திலும் தலைகாட்ட வேண்டும். அதனால் கடும் உளைச்சலோ வாழ்க்கையில் பாதிப்போ வந்திருக்க வேண்டும்.

இதில் ‘எல்லா இடத்திலும்’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். படுக்கையறைக்குள் மட்டும் தலைகாட்டி, காலையில் அலுவலகத்துக்குப் போனதும் காணாமல்போகும் ஒன்று இந்த வரையறைக்குள் வராது.

பத்து வகை ஆளுமைக் கோளாறுகள் உண்டு என்கிறார்கள். அந்த அடையாளக் குறிப்புகளில் பாலுறவு பற்றி எதுவுமே இல்லையா?

இருக்கிறது. நேரடியாக மூன்று இடங்களில். அந்த மூன்றையும் பார்த்துவிட்டாலே பாதிப் பயம் போய்விடும்.

முதலாவது, ஒதுங்கியே வாழும் ‘ஸ்கிசாய்ட்’ வகை. இன்னொருவருடன் உறவுகொள்வதில் ஆர்வமே இல்லை அல்லது மிகக் குறைவு என்பது அதன் ஏழு அடையாளக் குறிகளில் ஒன்று. இரண்டாவது, உணர்ச்சியும் உறவுகளும் நிலையில்லாமல் அலைபாயும் ‘பார்டர்லைன்’ வகை. பின்விளைவை யோசிக்காமல் தனக்கே கேடு விளைவிக்கும் அவசரச் செயல்களுக்கு உதாரணம் சொல்லும்போது கண்மண் தெரியாத செலவு, போதை, தாறுமாறாக வண்டி ஓட்டுதல் ஆகியவற்றோடு பாலுறவையும் சேர்த்திருக்கிறார்கள். மூன்றாவது, எப்போதும் எல்லார் கண்ணும் தன் மேலேயே இருக்க வேண்டும் என்று தவிக்கும் ‘ஹிஸ்ட்ரியானிக்’ வகை. இடம் பொருள் தெரியாமல் கவர்ச்சி காட்டிப் பழகுவது அதில் ஒரு குறி.

மூன்றிலும் பேசப்படுவது ஆசையின் அளவு, அவசரம், நடத்தை. எந்த மாதிரி ஆசை என்ற பேச்சே இல்லை. செருப்பும் இல்லை, கயிறும் இல்லை. அந்த மூன்றும்கூட ஒற்றைக் குறிகள்தான். பார்டர்லைன் என்று சொல்ல ஒன்பதில் ஐந்து குறிகளாவது வேண்டும்.

அப்படியானால் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டது யார்?

மருத்துவர்கள்தான். மக்கள் தாமாக இட்டுக்கட்டிய வதந்தி இது இல்லை.

1886இல் ஆஸ்திரியாவில் பணியாற்றிய மனநல மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் கிராஃப்ட்-எபிங், பாலியல் ‘பிறழ்வுகள்’ பற்றி ஒரு பெரிய தொகுப்பை வெளியிட்டார். நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் வந்தவர்களின் கதைகள் அவை. பாமரர்கள் படித்துவிடக் கூடாது என்று விவகாரமான பகுதிகளை லத்தீனில் எழுதினார். புத்தகம் பதிப்பு மேல் பதிப்பாக விற்றது தனிக்கதை. சாடிசம் (வலி கொடுத்துக் கிளர்ச்சி அடைவது), மசோகிசம் (வலியை ஏற்றுக் கிளர்ச்சி அடைவது) என்ற சொற்கள் மருத்துவத்துக்குள் வந்தது அவர் வழியாகத்தான். பார்த்தவர்கள் குற்றவாளிகளும் நோயாளிகளும் மட்டுமே என்பதால், அந்த ஆசை உள்ள எல்லோரும் குற்றவாளிகள் அல்லது நோயாளிகள் என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. தன் ஆசையோடு நிம்மதியாக வாழ்ந்தவர் எதற்காக அவரிடம் போகப்போகிறார்?

1952இல் டிஎஸ்எம் முதல் பதிப்பு வந்தது. அதில் ‘பாலியல் பிறழ்வு’ என்ற பிரிவை எங்கே வைத்தார்கள் தெரியுமா? ஆளுமைக் கோளாறுகளுக்குள், சமூகத்தோடு ஒத்துப்போகாத ஆளுமை என்ற உட்தலைப்பின் கீழ். குடிப்பழக்கமும் போதைப் பழக்கமும் அதே அறையில்தான். 1968இல் வந்த இரண்டாம் பதிப்பு இவற்றுக்குத் தனி எண் கொடுத்தது. ஆனாலும் ஆளுமைக் கோளாறும் இவையும் ஒரே பெருந்தலைப்பின் கீழ்தான் கிடந்தன. 1980இல் மூன்றாம் பதிப்பு வந்தபோதுதான் உண்மையான பிரிவினை. ஆளுமைக் கோளாறுகளைத் தனி வரிசையில் வைத்து, பாராஃபிலியாக்களைப் பாலியல் தொடர்பான அத்தியாயத்துக்கு மாற்றினார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி இன்னும் மெதுவாக நகர்ந்தது. ஐசிடி-10இல் எஃப்60 முதல் எஃப்69 வரை ‘வயதுவந்தோரின் ஆளுமை மற்றும் நடத்தைக் கோளாறுகள்’ என்ற ஒரே தொகுதி. எஃப்60 ஆளுமைக் கோளாறு, எஃப்65 பாலியல் விருப்பக் கோளாறு. இன்று மருத்துவம் பார்க்கும் பெரும்பாலோர் அந்தப் பதிப்பைப் படித்து வந்தவர்கள்தான். கோப்பில் ‘எஃப்65’ என்று ஒருவர் எழுதியதைப் பார்த்து, மேலே இருக்கும் தொகுதித் தலைப்பையும் சேர்த்துப் படித்துவிட்டு, ‘எனக்கு ஆளுமையே கோளாறாம்’ என்று ஒருவர் உடைந்துபோனால் அவரைக் குறை சொல்ல முடியாது. அடுக்கி வைத்தவர்களின் வசதிக்காக வைத்த தலைப்பு அது.

தன்பாலின ஈர்ப்பு பட்டியலிலிருந்து எப்படி வெளியே வந்தது?

1957இல் எவ்லின் ஹூக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் தான் செய்த எளிய ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்கள், எதிர்பாலின ஈர்ப்புள்ள ஆண்கள் இரு தரப்பினரின் உளவியல் சோதனைத் தாள்களையும் பெயர் இல்லாமல் கலந்து நிபுணர்களிடம் கொடுத்தார். எந்தத் தாள் யாருடையது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மருத்துவமனைக்கு வெளியே, சாதாரணமாக வாழ்பவர்களைத் தேடிப்போய் அவர் ஆட்களைச் சேர்த்ததுதான் திருப்பம்.

1972இல் டல்லாஸ் நகரில் நடந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கக் கூட்டத்தில் ஜான் ஃபிரையர் என்ற மருத்துவர் முகமூடியும் விக்கும் அணிந்து, குரலை மாற்றும் ஒலிவாங்கியில், ‘நானும் தன்பாலின ஈர்ப்புள்ளவன், நானும் ஒரு மனநல மருத்துவர்’ என்று பேசினார். பெயரைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற நிலை. 1973 டிசம்பரில் சங்கத்தின் நிர்வாகக் குழு அந்த நோய்ப் பெயரை நீக்கியது. எதிர்த்தவர்கள் விடவில்லை. அடுத்த ஆண்டு உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடந்து 58 சதவீதம் பேர் நீக்கத்தை ஆதரித்தார்கள். மருத்துவத்தில் நோயா இல்லையா என்பதற்கு ஓட்டுப்போடுவதா என்று இன்றும் கிண்டல் செய்பவர்கள் உண்டு. அதற்கு முன்பு நோய் என்று எழுதி வைத்ததற்கு ஆதாரமாக என்ன இருந்தது என்பதையும் அவர்கள் கேட்டிருக்கலாம்.

இப்போது விதி என்ன சொல்கிறது?

2013இல் வந்த டிஎஸ்எம்-5 ஒரு கோடு போட்டது. பாராஃபிலியா வேறு, பாராஃபிலியாக் கோளாறு வேறு. ஆசை தீவிரமாக, ஆறு மாதத்துக்கு மேல் இருந்தாலும் அதனால் அவருக்குக் கடும் உளைச்சலோ வாழ்க்கையில் பாதிப்போ இல்லை, சம்மதிக்காத யாரிடமும் அது காட்டப்படவில்லை என்றால் அது கோளாறு ஆகாது. மருத்துவர் குறித்துக்கொள்ளலாம், சிகிச்சை கொடுக்க அதில் எதுவும் இல்லை.

2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 இன்னும் ஒரு படி போனது. ஃபெடிஷ் (செருப்பு, பாதம் போன்றவற்றின் மேல் ஈர்ப்பு), உடை மாற்றிக் கிளர்ச்சி அடைதல், சாடோமசோகிசம் ஆகிய பெயர்களையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து ஆகிய நாடுகள் தங்கள் உள்நாட்டுப் பட்டியலில் இதை முன்பே செய்திருந்தன. ஐசிடி-11இல் பெயரோடு மிஞ்சியவை சம்மதம் இல்லாதவரைச் சம்பந்தப்படுத்துபவை: ஒளிந்து பார்ப்பது, பிறர் முன் உறுப்பைக் காட்டுவது, கூட்டத்தில் உரசுவது, குழந்தைகள் மேல் ஈர்ப்பு, வற்புறுத்திக் கொடுமை செய்யும் சாடிசம்.

சம்மதத்தோடு செய்பவை, தனியாகச் செய்பவை கோளாறு ஆக இரண்டே வழிகள். ஒன்று, கடும் உளைச்சல். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு, அடுத்த கேள்வியில் சொல்கிறேன். மற்றொன்று, உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து. கழுத்தை நெரித்து மூச்சை அடக்குவது இதில் முதலிடம். அதைப் பாதுகாப்பாகச் செய்ய வழி எதுவும் கிடையாது. தனியாக இருக்கும்போது செய்து இறந்தவர்கள் உண்டு. சில நொடிகளில் நினைவு தப்பும், அதன்பின் கட்டை அவிழ்க்கக் கை வராது. ஆசையைப் பற்றி நான் தீர்ப்பு சொல்லவில்லை, ஆனால் இதை மட்டும் செய்யாதீர்கள்.

எனக்கு என் ஆசையை நினைத்தால் அவமானமாக, அருவருப்பாக இருக்கிறது. அதுவே ‘உளைச்சல்’ இல்லையா?

இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் வரையறை எழுதியவர்களும் இங்கேதான் திணறியிருக்கிறார்கள். ஐசிடி-11 சொல்வது இது: வெளியே தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயத்தால் மட்டுமே வரும் உளைச்சலைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஊர் என்ன சொல்லும், அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், மனைவி விட்டுப்போவாளோ என்பதெல்லாம் நிஜமான வேதனைதான், அதற்கு ஆறுதலும் ஆலோசனையும் தேவைதான். ஆனால் அந்த வேதனை ஊரின் பார்வையிலிருந்து வருகிறது. ஆசையை நோய் என்று சொல்ல அது போதாது.

தனக்குள் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இந்த ஆசை யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை, தெரிந்தாலும் எவரும் முகம் சுளிக்கமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இது உங்களை வாட்டுமா? வேலையைக் கெடுக்குமா? இது இல்லாமல் உறவே முடியாமல் போய் நீங்கள் தனித்துவிடப்பட்டதாக உணர்வீர்களா? ஆம் என்றால் மருத்துவரிடம் பேச நல்ல காரணம் இருக்கிறது. ‘தெரியாதென்றால் எனக்கென்ன’ என்று தோளைக் குலுக்கினால், உங்களுக்குத் தேவை வேறு மாதிரி உதவி.

ஆய்வுகள் ஏதாவது உண்டா, இல்லை இதெல்லாம் கருத்துதானா?

உண்டு. ஆஸ்திரேலியாவில் 16 முதல் 59 வயது வரையிலான 19,307 பேரிடம் தொலைபேசியில் எடுத்த கணக்கெடுப்பு, 2008இல் வெளியானது. பாலுறவு வாழ்க்கை உள்ளவர்களில், அதற்கு முந்தைய ஓராண்டில் கட்டுதல், ஆதிக்கம், அடங்குதல் போன்றவற்றில் ஈடுபட்டதாகச் சொன்னவர்கள் ஆண்களில் 2.2 சதவீதம், பெண்களில் 1.3 சதவீதம். மற்றவர்களைவிட அவர்களுக்கு மன உளைச்சல் கூடுதலாக இல்லை. ஆண்களில் குறைவாகவே இருந்தது. வற்புறுத்தலுக்கு ஆளானவர்களின் விகிதமும் கூடுதலாக இல்லை.

2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் இத்தகைய பழக்கமுள்ள 902 பேரையும் இல்லாத 434 பேரையும் குண அளவுகோல்களால் ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தினர் பதற்றம் குறைந்தவர்களாக, புதுமையை ஏற்பவர்களாக, நிராகரிப்புக்கு அஞ்சாதவர்களாக இருந்தார்கள். விட்டுக்கொடுக்கும் குணம் மட்டும் சற்றுக் குறைவு. அவர்கள் தாமாக இணையத்தில் வந்து பதில் சொன்னவர்கள், ஆகவே இதை வைத்து ‘கயிறு கட்டினால் மனநலம் கூடும்’ என்று கிளம்பிவிடக் கூடாது. ஆனால் இந்த ஆசை உள்ளவர்களின் ஆளுமை சிதைந்தே இருக்கும் என்ற பழைய நம்பிக்கை அங்கே நிற்கவில்லை.

இன்னொன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தில், 1,040 பேரிடம், 2017இல் வெளியானது. பாராஃபிலியா என்று கையேடு பட்டியலிடும் ஏதாவது ஒன்றில் ஆர்வம் உண்டு என்று கிட்டத்தட்டப் பாதிப்பேர் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கினர் ஒரு முறையாவது செய்திருக்கிறார்கள். பாதி ஊருக்கு இருப்பதை ‘வழக்கத்துக்கு மாறானது’ என்று எப்படிச் சொல்வது என்று ஆய்வாளர்களே கேட்டார்கள்.

வலி கொடுப்பதில் கிளர்ச்சி என்றால் அவர் கொடூரமானவர்தானே?

1987இல் வந்த டிஎஸ்எம் திருத்தப் பதிப்பு ‘சாடிச ஆளுமைக் கோளாறு’ என்ற ஒன்றைப் பின்னிணைப்பில், ஆய்வுக்குரியது என்று சொல்லிச் சேர்த்தது. பிறரை அவமானப்படுத்துவது, பயமுறுத்திக் காரியம் சாதிப்பது, துன்பத்தைக் கண்டு ரசிப்பது ஆகியவை அதன் குறிகள். அதிலேயே ஒரு நிபந்தனை: இவை பாலியல் கிளர்ச்சிக்காக மட்டும் செய்யப்படுபவையாக இருக்கக் கூடாது. அதாவது ஆளுமைக் கொடூரமும் படுக்கையறை விருப்பமும் வேறு என்பதை அன்றே எழுதிவிட்டார்கள். 1994இல் அந்தப் பெயரும் கைவிடப்பட்டது.

கொடூரமான ஆளை அடையாளம் காண அவர் ஆசையைத் துருவ வேண்டியதில்லை. ஹோட்டலில் சர்வரிடம் எப்படிப் பேசுகிறார், தோற்றுப்போனவரை எப்படி நடத்துகிறார், ‘போதும்’ என்றதும் கை நிற்கிறதா என்று பாருங்கள். முன்கூட்டியே பேசி, நிறுத்தச் சொல்ல ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, முடிந்தபின் தண்ணீர் கொடுத்து ‘சரியா இருக்கியா?’ என்று கேட்பவரும், எதிராளி அழுவதையும் மறுப்பதையுமே ரசிப்பவரும் ஒரே ஆள் இல்லை.

திருமணமாகி இரண்டு வருடத்தில் கணவர் இப்படி ஒன்றைக் கேட்கிறார். அவருக்கு மனநோயா, நான் வெளியேற வேண்டுமா?

அவர் என்ன கேட்டார் என்பதைவிட, நீங்கள் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொன்ன அன்று என்ன நடந்தது என்பதைச் சொல்லுங்கள். ‘சரிம்மா’ என்று திரும்பிப் படுத்தாரா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருந்தாரா? ‘பெண்டாட்டின்னா செய்யணும்’ என்றாரா? பணத்தை நிறுத்தினாரா? கையைப் பிடித்து வற்புறுத்தினாரா? முதல் பதில் என்றால் உங்கள் முன்னால் இருப்பது ஒரு விருப்பமும் ஒரு சங்கடமும். உட்கார்ந்து பேசலாம், உங்களுக்குச் சரிப்படாததை மறுக்கலாம், தம்பதியர் ஆலோசனைக்குப் போகலாம். கடைசி பதில்கள் என்றால் அவர் ஆசை சாதாரணமானதாகவே இருந்தாலும் அது கொடுமைதான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் சேர்த்தே சொல்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசலாம்.

கேட்டவர் மனைவியாகவும் இருக்கலாம். அப்போது பல கணவர்கள் ‘இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்’ என்று வேறு திசையில் சந்தேகப்படத் தொடங்குவார்கள். அந்தச் சந்தேகத்துக்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை.

ஏன் இப்படி ஆசை வருகிறது? சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்குமா?

உறுதியான பதில் எவரிடமும் இல்லை. 1966இல் லண்டனில் ஸ்டான்லி ராக்மன் என்ற உளவியலாளர் மூன்று ஆண்களுக்கு முழங்கால்வரை நீளும் பூட்ஸ் படத்தையும் நிர்வாணப் படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார். கொஞ்ச நாளில் பூட்ஸ் படத்துக்கே லேசாகக் கிளர்ச்சி வந்தது. நிர்வாணப் படத்தை நிறுத்தியதும் அதுவும் மங்கிவிட்டது. பழக்கத்தால் வரலாம் என்பதற்கு ஓர் அடையாளம், ஆனால் வாழ்நாள் முழுக்க நிற்கும் ஆசையை அது விளக்கவில்லை.

நம்மூர்ப் பின்னணியில் வந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் வேறு ஒரு ஊகம் சொன்னார். மூளையில் உடலின் தொடு உணர்வு வரைபடத்தில் பாதத்துக்கான இடமும் பிறப்புறுப்புக்கான இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கால் துண்டிக்கப்பட்ட சிலர் உறவின்போது இல்லாத பாதத்தில் உணர்ச்சி தெரிவதாகச் சொன்னதை வைத்து, பாத ஈர்ப்பு இவ்வளவு பரவலாக இருக்க இந்த அண்டைவீட்டு உறவே காரணமாகலாம் என்றார். அழகான ஊகம், நிரூபணம் ஆகவில்லை. சிறுவயதுக் கொடுமைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதற்கும் பொதுவான ஆதாரம் இல்லை.

இரண்டும் ஒருவருக்கே இருந்தால்?

அப்போது தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பார்டர்லைன் உள்ள ஒருவர், தன்னைத் தண்டித்துக்கொள்ள வலியைத் தேடலாம். விருப்பத்தோடு வலியை ரசிப்பவருக்கு முடிந்தபின் மனம் லேசாகும். தண்டனையாகத் தேடுபவருக்கு வெறுமையும் வெறுப்பும் கூடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே காயம்தான், அதனால்தான் மருத்துவர் ‘முன்னும் பின்னும் என்ன உணர்ந்தீர்கள்’ என்று கேட்பார். அதேபோல், பிறர் படும் பாட்டைப் பற்றிக் கவலையே இல்லாத சமூக விரோத ஆளுமையும், சம்மதம் இல்லாதவரை நாடும் ஆசையும் ஒருவரிடம் சேர்ந்தால் குற்றம் மீண்டும் நடக்கும் அபாயம் கூடும் என்பதைக் குற்றவியல் உளவியல் நீண்டகாலமாகச் சொல்கிறது. ஆபத்து அந்தச் சேர்க்கையில் இருக்கிறது.

நான் விரும்பாத, அருவருக்கும் பாலியல் எண்ணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நான் கெட்டவனா?

சாமி கும்பிடும்போது, குழந்தையைக் குளிப்பாட்டும்போது, அம்மாவிடம் பேசும்போது நடுவே ஒரு கண்றாவி எண்ணம் வெட்டிப்போகிறது. உடனே வியர்க்கிறது. ‘எனக்கு ஏன் இப்படித் தோன்றியது’ என்று நூறு முறை சோதித்துப் பார்க்கிறீர்கள், அந்தச் சூழலையே தவிர்க்கிறீர்கள். இது பெரும்பாலும் ஆசையே அல்ல, ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோயின் வேலை. ஆசை ஒருவரை ஈர்க்கும், இது மிரட்டும். நல்ல சிகிச்சை இருக்கிறது. பயத்தைத் தப்பிக்காமல் எதிர்கொள்ளப் பழக்கும் நடத்தைச் சிகிச்சையும், மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளும் பலருக்குக் கைகொடுக்கின்றன. வருடக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் அதிகம் என்பதால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு அறுபது வயதில் திடீரென்று நடத்தை மாறிவிட்டது.

ஆளுமைக் கோளாறு அறுபதில் முளைப்பதில்லை. நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். பார்க்கின்சன் நடுக்குவாதத்துக்குத் தரும் பிராமிபெக்சோல் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கட்டுக்கடங்காத பாலியல் உந்துதலையும் சூதாட்ட வெறியையும் கிளப்பும். மூளையின் முன்பகுதி தேயும் ஒரு வகை மறதி நோய், பைபோலார் என்ற மனநிலை ஏற்ற இறக்க நோயின் எழுச்சிக்கட்டம், மூளைக் கட்டி என்று வேறு காரணங்களும் உண்டு. அமெரிக்காவில் வெர்ஜீனியாவைச் சேர்ந்த 40 வயது ஆசிரியர் ஒருவருக்குக் குழந்தைகள் மேல் புதிதாக ஈர்ப்பு வந்தது. ஸ்கேனில் மூளையின் முன்பகுதியில் கட்டி. அறுவை செய்ததும் அந்த உந்துதல் போனது, கட்டி திரும்ப வளர்ந்ததும் அதுவும் திரும்பியது. 2003இல் வெளியான மருத்துவக் குறிப்பு இது.

குழந்தைகள் மேல் ஈர்ப்பு இருப்பதாக ஒருவர் உணர்ந்தால்?

குழந்தையால் சம்மதம் தர முடியாது, ஆகவே இங்கே ‘தனிப்பட்ட விருப்பம்’ என்ற வாதத்துக்கு இடமே இல்லை. செயலில் இறங்கினால் போக்சோ சட்டப்படி குற்றம், படமோ வீடியோவோ பார்ப்பதும் சேமிப்பதும் அதில் சேரும். குற்றம் நடந்தது தெரிந்தால் புகார் செய்யும் கடமை எல்லோருக்கும் உண்டு. எண்ணம் மட்டும் இருந்து, யாரையும் தொடாமல், அதனால் வேதனைப்படுபவர் உடனே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். பெர்லினின் சாரிட்டே மருத்துவமனை 2005இல் இத்தகையவர்கள் குற்றம் செய்வதற்கு முன்பே வந்து சிகிச்சை பெற ஒரு திட்டம் தொடங்கியது. உந்துதலைக் குறைக்கும் மருந்துகளும் இருக்கின்றன.

ஆசையை மாற்ற மருந்து உண்டா?

அடியோடு மாற்றுவதாகச் சொல்பவரிடமிருந்து தள்ளியே இருங்கள். மின் அதிர்ச்சி, வாந்தி மருந்து கொடுத்து வெறுப்பேற்றும் முறைகள் கடந்த நூற்றாண்டில் செய்து பார்க்கப்பட்டன. மிஞ்சியது பெரும்பாலும் காயம்தான். தன்பாலின ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சையைத் தடுக்க 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் வழிகாட்டியது, 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்றது. நள்ளிரவு டிவியில் ‘இளமையில் செய்த தவறு’ என்று பயமுறுத்திவிட்டு, மாதம் ஒருநாள் லாட்ஜில் அறை போட்டு லேகியம் விற்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் விற்கும் முதல் சரக்கே பயம்.

மருத்துவம் உண்மையில் உதவுவது வேறு இடங்களில்: கட்டுப்பாடு, கூடவே வரும் மனச்சோர்வு, குடி, தம்பதியருக்குள் பேச்சு. வேலை, தூக்கம், பணம் எல்லாவற்றையும் தின்னும் அளவுக்கு உந்துதல் கைமீறிப்போனால் ஐசிடி-11 அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறது, உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளின் வரிசையில். அதிலும் அதே எச்சரிக்கை: ஒழுக்கம் குறித்த குற்றவுணர்வு மட்டும் இருந்தால் அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது.

சட்டப்படி என்னை மனநோயாளி என்று முத்திரை குத்த முடியுமா?

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, மனநோயை ஐசிடி போன்ற ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்கிறது. சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு, மத நம்பிக்கைகளோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதைக் காரணமாக வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 23ஆம் பிரிவு, நீங்கள் மருத்துவரிடம் சொல்வதை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. பிறருக்குத் தீங்கு நேரும் நிலை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.

டாக்டர் முன்னால் உட்கார்ந்து எப்படி ஆரம்பிப்பது?

கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ‘பாலியல் தொடர்பாகப் பேச வேண்டும், கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது’ என்றால் போதும், மீதியை அவர் கேள்வி கேட்டே வாங்கிக்கொள்வார். எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி, இது இல்லாமல் உறவு முடிகிறதா, யாராவது சம்மதம் இல்லாமல் சம்பந்தப்பட்டார்களா, தூக்கம், பசி, குடி, தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பார். இவை எல்லோரிடமும் கேட்பவை. வாய்வராவிட்டால் தாளில் எழுதி நீட்டுங்கள்.

முதல் பத்து நிமிடத்திலேயே ‘உங்களுக்கு பெர்சனாலிட்டி டிசார்டர்’ என்று ஒருவர் சொன்னால், எந்தக் குறிகளை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். உங்கள் இளமைக்காலம், வேலை, நட்பு, உறவுகள் எதையும் விசாரிக்காமல் அந்த முடிவுக்கு வர முடியாது. ‘கல்யாணம் பண்ணினா சரியாப்போயிடும்’ என்பவரிடமிருந்தும் ஃபீஸைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடலாம், வேறொருவரைப் பார்க்கலாம். நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.